கேபினெட்டுக்கு வெளியே பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்: அறிகுறியிலிருந்து பிழைக்குப் போகும் வழி

கிராஃபிக்ஸ் கார்டையோ கேப்சர் கார்டையோ கேபினெட்டுக்கு வெளியே வைத்து, கேபிள் வழியாக மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸோடு (கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் அதிவேகத் தடம்) இணைத்தவர்கள், அது வேலை செய்யாதபோது முதலில் கைவைப்பது டிரைவரில்தான். அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். விண்டோஸையே புதிதாகப் போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது வீண் வேலை. டிரைவரின் முறை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் கார்டு நான்கு படிகளைத் தாண்டியிருக்க வேண்டும்.

முதல் படி மின்சாரம். ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் வர வேண்டும். அதோடு 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் சிக்னலும், மின்சாரம் நிலைபெற்றுக் குறைந்தது 100 மில்லி வினாடி கழித்து விலகும் ரீசெட் சிக்னலும் வேண்டும். இரண்டாவது படியில் கார்டும் மதர்போர்டும் லேன்களை (தரவு போய்வரும் கம்பித் தடங்கள்) சோதித்து, எத்தனை லேன், என்ன வேகம் என்று தங்களுக்குள் முடிவு செய்கின்றன. இதுதான் லிங்க் டிரெயினிங். மூன்றாவதாக பயாஸ் (மதர்போர்டின் தொடக்க நிரல்) ஒவ்வொரு பஸ்ஸாகத் தேடி, கார்டைக் கண்டு பதிவு செய்கிறது. நான்காவதாகக் கார்டு கேட்கும் நினைவக முகவரி இடத்தை ஒதுக்குகிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிரைவர். ஆகவே என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன், கார்டு எந்தப் படிவரை வந்து நின்றிருக்கிறது என்று கேளுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியும் ஏதோ ஒரு படியைக் காட்டிக்கொடுப்பதுதான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பார்வையை "இணைப்பு வாரியாக" என்று மாற்றுங்கள். கார்டு எந்த ரூட் போர்ட்டின் (மதர்போர்டுப் பக்கத்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வாசல்) கீழே தொங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். லினக்ஸில் பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை ரூட் உரிமையோடு, இரண்டு "வி" (-vv) சேர்த்துக் கொடுங்கள். கர்னல் பதிவைத் தனியாக ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு மல்டிமீட்டரும், ஸ்லாட் மின்சாரத்திலேயே இயங்கும் எளிய 1 லேன் நெட்வொர்க் கார்டு ஒன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கார்டை இணைத்தால் கணினி ஆன் ஆகவில்லை, அல்லது ஆனாகி உடனே அணைகிறது

சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள். பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. வெளிக் கார்டைக் கழற்றி, ரைசரையும் (கார்டைச் செருகும் வெளிப் பலகை) கேபிளையும் மட்டும் மாட்டியபடியே வைத்து ஆன் செய்யுங்கள். ஆனாகிவிட்டால் கோளாறு கார்டிலோ அதற்குப் போகும் மின் கேபிளிலோ. ஆகாவிட்டால் ரைசரில்.

மின் கேபிளில் அதிகம் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, ப்ராசசருக்கான 8 பின் கனெக்டரைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுவது. இரண்டும் 8 பின்தான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பிளாஸ்டிக் வடிவம் தடுக்கும். அழுத்தினால் சில சமயம் நுழைந்துவிடும். இரண்டாவது இன்னும் மோசமானது: ஒரு பவர் சப்ளையோடு வந்த கழற்றி மாட்டும் கேபிளை இன்னொன்றில் மாட்டுவது. கார்டுப் பக்கம் பின் வரிசைக்குத் தரநிலை உண்டு. சப்ளைப் பக்கம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வரிசை மாறலாம். பொருந்துகிறதே என்று மாட்டினால் கார்டு எரியும். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியையும் பார்த்துவிடுங்கள்.

ரைசரில் பார்க்க வேண்டியது, இரண்டு சப்ளைகளின் 12 வோல்ட்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்பது. தனி மின் கனெக்டர் உள்ள ரைசரில் மதர்போர்டு பக்கத்து 12 வோல்ட் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, கழற்றி, மதர்போர்டில் செருகும் முனையின் பி1, பி2, ஏ2, ஏ3 பின்களுக்கும் கார்டு ஸ்லாட்டின் அதே பின்களுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ச்சி இருந்தால் அந்த ரைசரை வெளி சப்ளையோடு பயன்படுத்தக் கூடாது. இரண்டு சப்ளைகளும் ஒன்றின்மேல் ஒன்று மின்னோட்டத்தைத் தள்ளும். கிரவுண்ட் மட்டும் கட்டாயம் பொதுவாக இருக்க வேண்டும்.

கணினி ஆனாகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் அது வேறு கதை. பயாஸ் வெளிக் கார்டை முதன்மைத் திரையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். மானிட்டரை வெளிக் கார்டில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால், பயாஸில் முதன்மை டிஸ்ப்ளேயை உள் கிராஃபிக்ஸுக்கு மாற்றினால் போதும். அங்கும் படம் வராவிட்டால் முகவரி இடம் போதாமல் பயாஸே நின்றுபோயிருக்கலாம். கீழே பிழை எண் 12 பற்றிய பகுதிக்குப் போங்கள்.

விசிறி சுற்றுகிறது, ஆனால் கணினிக்குக் கார்டு இருப்பதே தெரியவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். விசிறி சுற்றுவது 12 வோல்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. 3.3 வோல்ட், கிளாக், ரீசெட், லேன்கள் பற்றி அது எதுவும் சொல்லாது.

முதலில் ஆன் செய்யும் வரிசையைச் சரிபாருங்கள். எம்.2 (எஸ்எஸ்டி, வைஃபை கார்டு செருகும் சிறு ஸ்லாட்) அடாப்டர், ஓக்யுலிங்க் (பிசிஐ எக்ஸ்பிரஸைக் கேபிளில் கொண்டுபோகும் கனெக்டர்), ரிப்பன் ரைசர் எதுவானாலும் வெளி சப்ளை முதலில், கணினி பிறகு. பயாஸ் தேடும் நேரத்தில் கார்டு உயிரோடு இல்லையென்றால் அந்த ரூட் போர்ட்டையே அது அணைத்துவிடக்கூடும். பிறகு ஆன் செய்து பயனில்லை. அணைக்கும்போது கணினி முதலில், வெளி சப்ளை பிறகு. கணினி அணைந்து வெளிக் கார்டு மட்டும் நீண்ட நேரம் ஆனில் இருந்தால் சிக்னல் பின்கள் வழியாக மதர்போர்டுக்குள் மின்சாரம் கசியும், அது நல்லதல்ல.

கணினி இல்லாமல் ஏடிஎக்ஸ் சப்ளையைத் தனியாக ஆன் செய்ய, 24 பின் கனெக்டரில் 16-ஆம் பின்னை (வழக்கமாகப் பச்சைக் கம்பி) பக்கத்திலுள்ள 17-ஆம் பின்னோடு (கறுப்பு) இணைக்க வேண்டும். பேப்பர் கிளிப்பை வைத்து நிரந்தரமாக ஓட்டாதீர்கள். இதற்கென்றே விற்கும் சுவிட்ச் உள்ள மூடி போதும். கணினியின் சப்ளை ஆனதும் ரிலே மூலம் இரண்டாவதையும் ஆன் செய்யும் சிறு பலகைகள் உண்டு, வரிசைப் பிரச்சினையை அவை பெருமளவு தீர்த்துவிடும்.

வரிசை சரியாக இருந்தும் தெரியவில்லையென்றால், நீங்கள் செருகியிருக்கும் எம்.2 ஸ்லாட்டில் உண்மையிலேயே பிசிஐ எக்ஸ்பிரஸ் இருக்கிறதா என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். சில எம்.2 ஸ்லாட்டுகள் சாட்டா (பழைய டிஸ்க் இணைப்பு) மட்டும் தருபவை. வைஃபை கார்டுக்கான ஈ வகை ஸ்லாட்டுகளில் சில, இன்டெலின் சிஎன்விஐ வகை வைஃபை கார்டுகளுக்கு மட்டும் கம்பி இழுக்கப்பட்டவை. அங்கே பிசிஐ எக்ஸ்பிரஸ் லேனே இருக்காது. இன்னும் சில, வேறொரு ஸ்லாட்டோடு லேன்களைப் பகிர்பவை. அந்த ஸ்லாட்டில் கார்டு இருந்தால் இது செத்துவிடும்.

அடுத்தது கிளாக். எஸ்எஸ்டிக்கான எம் வகை எம்.2-வில் 52-ஆம் பின் கிளாக் வேண்டுகோள் பின். கார்டு அதைக் கீழே இழுத்தால்தான் பல லேப்டாப்கள் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைத் திறந்துவிடும். சாதாரண டெஸ்க்டாப் கார்டுகளில் பல அந்தப் பின்னைத் தொடுவதே இல்லை. அந்த இழுப்பை அடாப்டர் பலகை செய்ய வேண்டும். மலிவான அடாப்டர்கள் சில செய்வதில்லை. ஒரே அடாப்டர் ஒரு லேப்டாப்பில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மல்டிமீட்டரால் இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். எல்லாம் ஆனில் இருக்கும்போது, கார்டு ஸ்லாட்டின் ஏ11 பின்னில் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். அது ரீசெட் பின். பூச்சியத்திலேயே கிடந்தால் கார்டு ரீசெட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கேபிளில் அந்தக் கம்பி அறுந்திருக்கலாம். ஏ13, ஏ14 இரண்டும் கிளாக். 100 மெகாஹெர்ட்ஸை மல்டிமீட்டர் அளக்காது, ஆனால் டிசி அளவீட்டில் இரண்டிலும் சராசரியாக 0.35 வோல்ட் அருகே காட்டும். இரண்டும் பூச்சியம் என்றால் கிளாக் வரவில்லை. ஏ9, ஏ10, பி8 ஆகியவற்றில் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். அளக்கும் கம்பி முனை பக்கத்துப் பின்னைத் தொட்டால் கார்டு போய்விடும். ஊசி போன்ற முனையை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் கார்டு தெரியவில்லை என்றால் லிங்க் டிரெயினிங் தோற்கிறது. பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தைத் "தானியங்கி"யிலிருந்து ஜென் 1-க்கு (முதல் தலைமுறை, மிகக் குறைந்த வேகம்) இறக்குங்கள். ஜென் 1-ல் தெரிந்தால் கேபிளின் தரம் அல்லது நீளம்தான் காரணம். ஜென் 1-லும் தெரியாவிட்டால் 1 லேன் நெட்வொர்க் கார்டைச் செருகிப் பாருங்கள். அது தெரிந்தால் கேபிள் குற்றவாளி அல்ல, உங்கள் பெரிய கார்டு அல்லது அதன் மின்சாரம். லினக்ஸில் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்யாமல் சோதிக்க, சிஸ் கோப்பு மரத்தில் பிசிஐ பஸ்ஸின் கீழுள்ள ரீஸ்கேன் கோப்பில் (/sys/bus/pci/rescan) 1 என்று எழுதினால் கர்னல் மறுபடி தேடும்.

யுஎஸ்பி 3 கேபிளைப் பயன்படுத்தும் 1 லேன் ரைசர்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. கேபிள்தான் யுஎஸ்பி, அதில் ஓடுவது யுஎஸ்பி சிக்னல் அல்ல. அதைக் கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் ஒருபோதும் செருகாதீர்கள். தடிமனான, உறை போட்ட கேபிளைப் பயன்படுத்துங்கள். ஸ்லாட்டை ஜென் 2-க்கு மேல் விடாதீர்கள்.

காலையில் ஆன் செய்தால் தெரிவதில்லை, ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறது

இந்த அறிகுறி கிட்டத்தட்ட எப்போதும் நேரக் கோளாறு. ரீசெட் விலகிய பிறகு கார்டு 20 மில்லி வினாடிக்குள் லிங்க் டிரெயினிங்கைத் தொடங்கத் தயாராக இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. மதர்போர்டு தன் சொந்த சப்ளையைப் பார்த்து ரீசெட்டை விலக்குகிறது. வெளி சப்ளை இன்னும் எழுந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. ரீஸ்டார்ட்டில் வெளி சப்ளை ஏற்கனவே நிலையாக இருப்பதால் எல்லாம் சரியாக நடக்கிறது. எஃப்பிஜிஏ (நிரலால் உள்ளமைப்பை மாற்றக்கூடிய சிப்) உள்ள கார்டுகளில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் சிப் தன் நிரலை ஃப்ளாஷிலிருந்து ஏற்றிக்கொள்ளவே நேரம் பிடிக்கும்.

வெளி சப்ளையை முன்கூட்டியே ஆன் செய்வது முதல் மருந்து. பயாஸில் விரைவு பூட்டை அணைப்பது இரண்டாவது. பூட் தாமதம் சில வினாடி வைக்கும் வசதி இருந்தால் அதையும் வையுங்கள். விண்டோஸின் வேகத் தொடக்க வசதியையும் அணைத்துவிடுங்கள்; அது இருக்கும்வரை "ஷட் டவுன்" என்பது முழு ஷட் டவுன் அல்ல, பழைய வன்பொருள் நிலையைக் கோப்பிலிருந்து மீட்டுக்கொண்டு வருகிறது.

கார்டு தெரிகிறது, ஆனால் பிழை எண் 12: போதிய வளங்கள் இல்லை

லிங்க் நன்றாக இருக்கிறது. கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். இது முழுக்க முழுக்க முகவரிக் கணக்கு.

ஒவ்வொரு கார்டும் தனக்கு இத்தனை நினைவக முகவரி வேண்டும் என்று கேட்கிறது. பல கிராஃபிக்ஸ் கார்டுகள் ஒரே துண்டாக 256 மெகாபைட் கேட்கும். ரீசைஸபிள் பார் வசதி (பார் என்பது கார்டு கேட்கும் முகவரித் துண்டு) ஆனில் இருந்தால் கார்டின் மொத்த நினைவகத்துக்கும், அதாவது 8 அல்லது 16 ஜிகாபைட்டுக்கும் இடம் வேண்டும். பழைய முறையில் எல்லாக் கார்டுகளும் முதல் 4 ஜிகாபைட்டுக்குள், அதிலும் ரேமுக்குப் போக மீதியுள்ள சிறு இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். உள் கிராஃபிக்ஸ், நெட்வொர்க், சேமிப்பு எல்லாம் எடுத்த பிறகு வெளிக் கார்டுக்கு இடம் இருப்பதில்லை.

பயாஸில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் டீகோடிங் என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பழைய பயாஸ் இணக்க முறையான சிஎஸ்எம் ஆனில் இருந்தால் பல மதர்போர்டுகள் இதை அனுமதிக்காது. அதை அணைக்க வேண்டும், அதற்கு விண்டோஸ் ஜிபிடி (புதிய பகுப்பு முறை) டிஸ்க்கில் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் சிஎஸ்எம்மை அணைத்தால் கணினி பூட் ஆகாது.

லேப்டாப்பில் இந்த அமைப்பு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. அங்கே செய்யக்கூடியவை: ரீசைஸபிள் பாரை அணைப்பது, பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ பயன்படுத்தாத தனி கிராஃபிக்ஸ் சிப்பை முடக்குவது (பயாஸில் முடக்கினால்தான் இடம் உண்மையில் காலியாகும்), கார்டு ரீடர் போன்ற வேண்டாதவற்றை அணைப்பது. லினக்ஸில் பயாஸ் ஒதுக்கியதைக் கர்னல் திருத்தி எழுத அனுமதிக்கலாம்: கர்னல் வரியில் "பிசிஐ=ரீஅலாக்" (pci=realloc) என்ற அளவுருவைச் சேர்ப்பது. கர்னல் பதிவில் "பார் 0" அல்லது "பார் 1" என்று தொடங்கி இடமில்லை என்று முடியும் வரி இருந்தால் இந்த அளவுரு உதவ நல்ல வாய்ப்பு உண்டு. எழுதும்போது அளவுருவை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி எழுத வேண்டும்.

இயங்கிக்கொண்டிருக்கும்போது செருகினால் பிழை 12, செருகியபடியே பூட் செய்தால் சரி என்றால் விளக்கம் எளிது. பூட்டின்போது பயாஸ் அந்த போர்ட்டுக்கு முன்கூட்டியே மிகச் சிறிய இடம் மட்டும் ஒதுக்கியிருக்கிறது. செருகியபடியே பூட் செய்வதுதான் தீர்வு. அல்லது லினக்ஸில் ஹாட்பிளக் (இயங்கும்போதே செருகும்) பிரிட்ஜுக்கு ஒதுக்கும் நினைவக அளவை உயர்த்தும் கர்னல் அளவுருக்களைப் பயன்படுத்தலாம்.

வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது

எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் இரண்டு வரிகளைப் பாருங்கள்: கார்டால் முடிந்த வேகமும் அகலமும் ஒரு வரி, இப்போது ஓடும் வேகமும் அகலமும் இன்னொரு வரி. விண்டோஸில் ஜிபியு-இசட் என்ற நிரல் இதையே காட்டும். சும்மா இருக்கும்போது கிராஃபிக்ஸ் கார்டுகள் மின்சாரம் சேமிக்க ஜென் 1-க்கு இறங்கிவிடும். அது கோளாறு அல்ல. கார்டுக்கு வேலை கொடுத்துக்கொண்டே அளவைப் பாருங்கள்.

வேகம் குறைவதும் அகலம் குறைவதும் வெவ்வேறு நோய்கள். 16 லேன் 8 ஆகவோ, 4 லேன் 1 ஆகவோ குறைந்திருந்தால் ஏதோ ஒரு லேனின் தொடர்பு போயிருக்கிறது: அழுக்கான தங்க முனை, சரியாக அமராத கனெக்டர், ரிப்பனில் முறிந்த கம்பி, கூர்மையாக மடித்த மடிப்பு. கனெக்டரைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினாலே பல சமயம் சரியாகிவிடும். அதற்கு முன், ஸ்லாட் நீளமாக 16 லேன் போல இருந்தாலும் உள்ளே 4 லேன் மட்டுமே கம்பி இழுக்கப்பட்டிருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகலம் சரி, வேகம் மட்டும் ஜென் 4-லிருந்து ஜென் 3-க்கோ 1-க்கோ இறங்கிவிட்டது என்றால் ஒட்டுமொத்த சிக்னல் தரம் போதவில்லை. ஜென் 3-ல் வழி முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட இழப்பு 4 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 22 டெசிபெல். ஜென் 4-ல் 8 ஜிகாஹெர்ட்ஸில் 28. ஜென் 5-ல் 16 ஜிகாஹெர்ட்ஸில் 36. எண் கூடுவதுபோல் தோன்றினாலும், அதிர்வெண் இரட்டிப்பாகும்போது அதே கேபிளும் அதே மதர்போர்டுத் தடமும் விழுங்கும் அளவு அதைவிட வேகமாகக் கூடுகிறது. ஒவ்வொரு கனெக்டரும் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே எம்.2-விலிருந்து ஓக்யுலிங்க், அதிலிருந்து நீட்டிப்பு, அதிலிருந்து ரைசர் என்று சங்கிலி போடாதீர்கள். ஒரே நீளக் கேபிள், இரண்டு குட்டைக் கேபிள்களைச் சேர்த்ததைவிட எப்போதும் மேல்.

அரை மீட்டருக்கு மேல் ஜென் 4 வேண்டுமென்றால் நடுவில் சிப் தேவை. ரீடிரைவர் சிக்னலைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும். ரீடைமர் சிக்னலைப் படித்துப் புதிதாக எழுதி அனுப்பும். விலை கூடுதல், ஆனால் சிக்னல் உண்மையிலேயே சுத்தமாவது அதில்தான்.

எல்லாவற்றுக்கும் முன், ஜென் 3-ல் நிலையாக ஓட விட்டாலே போதாதா என்று யோசியுங்கள். ஒரு லேனுக்கு ஜென் 1-ல் வினாடிக்கு 250 மெகாபைட், ஜென் 2-ல் 500, ஜென் 3-ல் ஏறக்குறைய 985, ஜென் 4-ல் ஏறக்குறைய 1970. ஜென் 3-ல் 4 லேன் என்றாலே வினாடிக்கு 3.9 ஜிகாபைட். ஒரு 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கு வேண்டியது 1.25 ஜிகாபைட்தான். பிழையோடு ஓடும் ஜென் 4-ஐவிடப் பிழையில்லாத ஜென் 3 நடைமுறையில் வேகமானது, ஏனென்றால் கெட்டுப்போன ஒவ்வொரு பாக்கெட்டும் மறுபடி அனுப்பப்படுகிறது.

பயாஸில் வேகத்தை மாற்ற வழியில்லாத லேப்டாப்பில், லினக்ஸின் செட்பிசிஐ (setpci) கட்டளை கைகொடுக்கும். கார்டுக்கு மேலேயுள்ள போர்ட்டின் லிங்க் கன்ட்ரோல் 2 ரெஜிஸ்டரில் கீழ் நான்கு பிட்டுகள் இலக்கு வேகம்: 1 என்றால் ஜென் 1, 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3. அதை எழுதிவிட்டு, லிங்க் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் 5-ஆம் பிட்டை 1 ஆக்கினால் லிங்க் மறுபடி டிரெயின் ஆகும். மற்ற பிட்டுகளைத் தொடாமல் இருக்க மாஸ்க் சேர்த்து எழுதுங்கள்.

சும்மா இருக்கும்போது சரி, வேலை கொடுத்தால் கார்டு காணாமல் போகிறது

லினக்ஸில் என்விடியா கார்டு என்றால் எக்ஸ்ஐடி 79 என்ற செய்தி, கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்ற பொருளில் வரும். விண்டோஸில் திரை உறையும், அல்லது நிகழ்வுப் பதிவில் வியா-லாகர் 17-ஆம் எண் எச்சரிக்கைகள் வரிசையாகக் குவிந்திருக்கும். காரணம் மின்சாரமா சிக்னலா என்று பிரிக்க இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது: வேகத்தை அப்படியே விட்டு, கார்டின் மின் வரம்பைக் குறையுங்கள். என்விடியாவில் எஸ்எம்ஐ (nvidia-smi) கருவியால் வாட் வரம்பை இறக்கலாம். விழுவது நின்றால் காரணம் மின்சாரம்.

இரண்டாவது: மின் வரம்பைப் பழையபடி வைத்து, லிங்க் வேகத்தை ஜென் 1-க்கு இறக்குங்கள். விழுவது நின்றால் காரணம் சிக்னல்.

மின்சாரம் என்று தெரிந்தால் முதல் சந்தேகம் ரைசருக்குப் போகும் சாட்டா மின் கனெக்டர்மேல். 16 லேன் கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை இழுக்கலாம். அதில் 12 வோல்ட்டில் மட்டும் 66 வாட். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று சிறு பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அந்தக் கனெக்டர் உருகிய படங்கள் ஏராளம், காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான். 6 பின் கிராஃபிக்ஸ் கனெக்டர் உள்ள ரைசரையே வாங்குங்கள். ஒரே கேபிளிலிருந்து கார்டுக்கும் ரைசருக்கும் பிரித்துக் கொடுக்காமல், சப்ளையிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுங்கள். கணினியும் வெளி சப்ளையும் ஒரே மின் பலகையில், எர்த் உள்ள பிளக்கில் இருக்கட்டும். வேறுவேறு இடத்தில் செருகினால் இரண்டின் கிரவுண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மெல்லிய சிக்னல் கேபிளின் கிரவுண்டு வழியாக ஓடும்.

சிக்னல் என்றால், மின்சேமிப்பு வசதியான ஏஎஸ்பிஎம்மை முதலில் அணைத்துப் பாருங்கள். பயாஸில் இருக்கும், விண்டோஸில் பவர் திட்டத்தில் லிங்க் ஸ்டேட் மின் மேலாண்மை என்ற இடத்திலும் உண்டு. லிங்க் தூங்கி எழும்போதெல்லாம் நீண்ட கேபிளில் பிழை வருவது வழக்கம். அதிலும் தீரவில்லையென்றால் மேலே சொன்னபடி கேபிளைக் குறையுங்கள், அல்லது வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

லினக்ஸ் கர்னல் பதிவில் "திருத்தப்பட்ட பிழை" வகைச் செய்திகள் குவியும்போது, ஏஇஆர் (பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைகளைத் தெரிவிக்கும் வசதி) அறிக்கையை அணைக்கும் கர்னல் அளவுருவைச் சேர்க்கச் சொல்வோர் உண்டு. அது பிழையை நிறுத்தாது, செய்தியை மட்டும் நிறுத்தும். மணிக்கு ஒன்றிரண்டு திருத்தப்பட்ட பிழைகள் பரவாயில்லை. வினாடிக்குப் பல என்றால் லிங்க் விளிம்பில் நிற்கிறது. வெப்பம் கொஞ்சம் ஏறினாலே விழுந்துவிடும். அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டுச் சேமிப்பு கார்டு ஓட்டாதீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் பிழை எண் 43 வந்தாலும் முதலில் இங்கேதான் பாருங்கள். டிரைவர் கார்டோடு பேசிப் பார்த்துத் தோற்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள். ஜென் 1-ல் 43 மறைந்துவிட்டால் டிரைவரில் குற்றமில்லை.

பெட்டியில் நான்கு கார்டு, ஒன்றுதான் தெரிகிறது

பெட்டியிலோ பலகையிலோ ஸ்விட்ச் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்சிங்க் போட்ட ஒரு பெரிய சிப் இருந்தால் அது எல்லாக் கார்டுகளுக்கும் தானே பங்கு போடும். வெறும் தடங்களும் கனெக்டர்களும் மட்டும் இருந்தால் அது லேன்களைப் பிரித்துக் கொடுக்கும் பலகை. பயாஸில் அந்த ஸ்லாட்டை நான்கு நான்காக, அல்லது எட்டு எட்டாகப் பிரிக்கச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவரை முதல் கார்டு மட்டுமே தெரியும். பயாஸில் இப்படிப் பிரிக்கும் (பைஃபர்கேஷன்) அமைப்பே இல்லையென்றால் ஸ்விட்ச் சிப் உள்ள பலகையை வாங்குவது தவிர வழியில்லை.

தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4 பெட்டி

டைப்-சி போர்ட் இருப்பதால் மட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்துவிடாது. யுஎஸ்பி4 போர்ட்டிலேயே பிசிஐ எக்ஸ்பிரஸ் கட்டாயமல்ல. தண்டர்போல்ட் 4 போர்ட்டில் கட்டாயம். போர்ட் அருகே மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி தெரிகிறது, கார்டு தெரியவில்லை என்றால் அனுமதி கொடுக்கப்படவில்லை. லினக்ஸில் போல்ட் சேவையின் கட்டளையால் பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும். விண்டோஸில் பழைய லேப்டாப்களுக்குத் தண்டர்போல்ட் மென்பொருளில் ஒப்புதல் தர வேண்டும். பயாஸில் பாதுகாப்பு நிலை "டிஸ்ப்ளே மட்டும்" என்று இருந்தால் எந்த ஒப்புதலும் பலிக்காது.

வேகம் பாதியாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். தண்டர்போல்ட் 3-ல் சிப் இல்லாத சாதாரண கேபிள் 40 ஜிகாபிட் தருவது அரை மீட்டர் வரைதான். அதைவிட நீளமானால் 20-க்கு இறங்கும். பெட்டியோடு வந்த குட்டைக் கேபிளை எடுத்துவிட்டு நீளமான சார்ஜிங் கேபிளைப் போட்டதுதான் பல சமயம் காரணம். தண்டர்போல்ட் 3 லேப்டாப்கள் சிலவற்றில் கன்ட்ரோலருக்கே 2 லேன்தான். அதை எந்தக் கேபிளும் மாற்றாது. ஒரு தகவலை மட்டும் நம்பாதீர்கள்: தண்டர்போல்ட் வழியிலுள்ள மெய்நிகர் பிரிட்ஜுகள் ஜென் 1, 4 லேன் என்றே காட்டிக்கொள்ளும். லினக்ஸ் கர்னல் இதைப் பார்த்து அலைவரிசை குறைவு என்று எச்சரிக்கும். உண்மை வேகம் அதுவல்ல.

கேமுக்காகப் பயன்படுத்துபவர்கள் மானிட்டரை வெளிக் கார்டிலேயே மாட்டுங்கள். லேப்டாப் திரையில் பார்த்தால் வரைந்த ஒவ்வொரு படமும் அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும்.

தூங்கி எழுந்தால் கார்டு போய்விடுகிறது

கணினி தூங்கும்போது ஸ்லாட்டின் மின்சாரத்தை நிறுத்தி, எழும்போது ரீசெட் கொடுத்துப் புதிதாகத் தொடங்குவதாக நினைத்துக்கொள்கிறது. வெளிக் கார்டு அணையவே இல்லை. பழைய நிலையிலேயே இருக்கிறது. ரிலே பலகை இருந்தால் வெளி சப்ளையும் கூடவே அணைந்து எழும், பாதிப் பேருக்கு அது போதும். மற்றவர்கள் தூக்கத்தை முடக்கி, ஷட் டவுன் செய்வதே நல்லது. ஓக்யுலிங்க்கையும் எம்.2 அடாப்டரையும் இயங்கும்போது பிடுங்கிச் செருகவே கூடாது. கனெக்டர் எளிதாகக் கழன்று வந்தாலும் பெரும்பாலான வீட்டுக் கணினிகள் அதற்கு வடிவமைக்கப்படவில்லை.

பிரிட்ஜ் வழியாகப் பழைய பிசிஐ கார்டு

பழைய ஒலி கார்டுகளையும் கட்டுப்பாட்டுக் கார்டுகளையும் காப்பாற்ற, பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிசிஐக்கு மாற்றும் பிரிட்ஜ் பெட்டி பயன்படுகிறது. இங்கே லிங்க் பிரச்சினை அரிது, 1 லேன் ஜென் 1 கூடப் பழைய 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐயின் 133 மெகாபைட்டுக்கு மேல் தரும். சிக்கல் வேறு இடத்தில். கார்டின் வெட்டுக்குறி 5 வோல்ட் வகையா 3.3 வோல்ட் வகையா என்று பார்த்துச் செருகுங்கள். லினக்ஸில் ஒரு ஐஆர்க்யூவை (கார்டு ப்ராசசரை அழைக்கும் இன்டரப்ட் சிக்னல்) யாரும் கவனிக்கவில்லை என்ற செய்தி வந்து கார்டு தவழ ஆரம்பித்தால், பிரிட்ஜ் பழைய வகை இன்டரப்டைச் சரியாக விடுவிக்கவில்லை. வேறு சிப் உள்ள பிரிட்ஜ்தான் மருந்து. கார்டு தெரிகிறது, டிரைவர் ஏற்கிறது, ஒலி மட்டும் வரவில்லை அல்லது சிதைந்து வருகிறது என்றால், பிசிஐ ஸ்லாட்டின் பி1 பின்னில் மைனஸ் 12 வோல்ட் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சில பழைய ஒலி கார்டுகளின் அனலாக் பகுதி அதை நம்பியே இருக்கும், மலிவான பெட்டிகள் பல அதைத் தருவதே இல்லை.